சத்தமான இசைக்குழுவுக்குச் சென்னையில் பயிற்சி இடம் தேடுவது எப்படி?

உங்கள் குழுவில் ஐந்து பேர். டிரம்ஸ், பேஸ் கித்தார், எலெக்ட்ரிக் கித்தார், பறை, பாட்டு. வளசரவாக்கத்தில் ஒருவர் வீட்டு மொட்டை மாடி அறையில் பயிற்சியைத் தொடங்கினீர்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே எதிர்வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்குப் போய்விட்டார். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டிப் பார்த்தும் பயனில்லை. அறையை இன்னும் பலப்படுத்தலாமா, வேறு இடம் பார்க்கலாமா, பார்ப்பதென்றால் சென்னையில் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேறு இடம் பாருங்கள். அந்த அறைக்கு இனி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் டிரம்ஸ் வாசிக்கிறேன். பிழைப்பு ஒலியமைப்பு வேலை. எங்கள் குழு இதுவரை ஒன்பது இடங்களில் பயிற்சி செய்திருக்கிறது. ஓராண்டுக்கு மேல் நீடித்தவை மூன்றுதான். அந்த மூன்றிலும் சுவர்கள் சுமாரானவை. ஆனால் நாங்கள் வாசித்த மணி நேரத்தில் அக்கம்பக்கத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஆகவே இடம் தேடப் புறப்படும்போது, எந்தத் தெருவில் எந்த நேரத்தில் ஆள் இல்லை என்ற கேள்வியோடு புறப்படுங்கள். சென்னை போன்ற நெருக்கமான ஊரில்கூட அதற்குப் பதில் இருக்கிறது.

முட்டை அட்டை ஏன் உதவவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளை யாராவது ஃபோம் ஒட்டச் சொல்வார்கள், அதற்கும் பணம் போகும். ஒலியை உறிஞ்சுவது ஒரு வேலை, தடுப்பது இன்னொரு வேலை. ஃபோம், திரைச்சீலை, முட்டை அட்டை எல்லாம் அறைக்குள் எதிரொலிக்கும் கூர்மையான ஒலிகளைக் கொஞ்சம் விழுங்கும்; உள்ளே வாசிக்கிறவர் காதுக்கு இதமாக இருக்கும். வெளியே போவதைத் தடுக்க எடை வேண்டும். சுவரின் எடையை இரட்டித்தால் சுமார் 5 முதல் 6 டெசிபெல் கூடுதலாகத் தடுக்கும். கையில் ஊதினால் பறக்கிற அட்டைக்கு எடை ஏது?

இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 50 டெசிபெல் தடுக்கும். நல்ல எண்தான். ஆனால் மொட்டை மாடி அறை என்றால் பெரும்பாலும் நாலரை அங்குலச் சுவர், மேலே தகரமோ சிமென்ட் ஷீட்டோ, ஒரு பிளைவுட் கதவு, சரியாகச் சாத்தாத ஜன்னல். கதவுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கதவுப் பரப்பில் அது அரை விழுக்காடுதான். அந்த அரை விழுக்காடு போதும்: தேக்கில் இழைத்த கதவாகவே இருந்தாலும் 23 டெசிபெலுக்கு மேல் தடுக்க முடியாது. ஜன்னலில் ஏசிப் பெட்டி பொருத்தியிருந்தால் கணக்கு இன்னும் மோசம்.

இவற்றையெல்லாம் அடைத்துவிட்டாலும் தாழ்ந்த ஒலி மிஞ்சும். பேஸ் கித்தாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். உங்கள் அறை அதில் பாதிகூட இருக்காது; அவ்வளவு நீண்ட அலையை மெல்லிய அடைப்பு தடுக்காது. காலால் மிதித்து அடிக்கும் பெரிய கிக் டிரம்மில் விழும் ஒவ்வோர் அடியும் தளத்தில் இறங்கி, தூண் வழியாகக் கீழ்வீடுகளுக்குப் போகும். பல ஆண்டுகளுக்கு முன்பு நங்கநல்லூரில் இரண்டாம் மாடி அறை ஒன்றைச் சேமிப்பையெல்லாம் போட்டு நாங்கள் அடைத்தோம். ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு, நடுவில் கல்கம்பளி, இரட்டைக் கதவு. வெளியே நின்று கேட்டால் பாட்டு ஏதோ தெருக்கோடியில் ஒலிப்பதுபோல் இருந்தது. ஒரு வாரம் கழித்துக் கீழ்வீட்டு அம்மா மேலே வந்தார். கோபமே இல்லாமல், “பாட்டு கேட்கவில்லை தம்பி, என் கட்டில்தான் அதிர்கிறது” என்றார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். அந்த மாதத்தோடு அறையைக் காலி செய்தோம். தளத்தோடு ஒட்டாமல் ரப்பர் மீது மிதக்கும் இன்னொரு தரை, அதன்மேல் தனிச் சுவர், தனிக் கூரை என்று அறைக்குள் அறை கட்டினால்தான் அந்த அதிர்வு நிற்கும். அவ்வளவு பாரத்தை மொட்டை மாடி தாங்குமா என்பதைக் கட்டடப் பொறியாளர் சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் அதை நினைக்கவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த முறை காவலர் வரும்போது பேச வேண்டியவர் நீங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் வரம்பு. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பை 5 டெசிபெலுக்கு மேல் தாண்டக் கூடாது. உங்களைப் போன்ற ஒரு குழு மூடிய அறைக்குள் 105, 110 டெசிபெலைச் சாதாரணமாகத் தொடும். ஓட்டையே இல்லாத ஒன்பது அங்குலச் சுவர் 50 டெசிபெலைக் கழித்தால் பகல் வரம்பின் விளிம்பில் வந்து நிற்பீர்கள். நாலரை அங்குலச் சுவரும் பிளைவுட் கதவும் கொண்ட அறை எங்கே நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை நம்பி அக்கம்பக்கத்தாரிடம் வாதாடப் போக வேண்டாம். விதியில் உள்ள அளவு ‘ஏ’ எடையிட்ட டெசிபெல். மனிதக் காது தாழ்ந்த ஒலியைக் குறைவாக உணர்வதால், ஒலியளக்கும் மீட்டரும் அதைக் குறைத்துக் காட்டும். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபெல் குறையும். அதாவது கிக் டிரம்மும் பேஸும் ஒரு வீட்டின் ஜன்னலையே நடுங்க வைத்துக்கொண்டிருக்கும்போது மீட்டர் சாதுவாக ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணைக் கைபேசியில் காட்டி, “விதிக்குள்தான் இருக்கிறோம்” என்று சொன்ன குழுக்களை எனக்குத் தெரியும். அடுத்த வாரம் அவர்களுக்கு இடம் இல்லை. கட்டில் அதிர்கிறது என்று ஒருவர் சொன்னால் அதிர்கிறது. அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இடம் தேடுவதற்கு முன்பு ஒரு மாதம் உங்கள் சத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். குறைந்தால் கிடைக்கக்கூடிய இடங்களின் எண்ணிக்கை பல மடங்காகும். கித்தாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 100 வாட் ஆம்ப்புக்கும் 10 வாட் ஆம்ப்புக்கும் இடையே 10 டெசிபெல்தான் வேறுபாடு. காதுக்கு அது பாதிச் சத்தம். அறைப் பயிற்சிக்கு 20 வாட்டுக்கு மேல் தேவையே இல்லை. பெரும்பாலான கித்தார்காரர்கள் ஆம்ப்பைத் தரையில் வைத்துவிட்டு அதன் முன்னால் நிற்கிறார்கள். ஒலி முழங்காலுக்குப் போகிறது, தனக்குக் கேட்கவில்லை என்று திருகுகிறார்கள், டிரம்மர் பதிலுக்கு ஓங்கி அடிக்கிறார். ஆம்ப்பை ஒரு நாற்காலியில் ஏற்றிக் காதைப் பார்க்கச் சாய்த்து வையுங்கள். அன்றே சத்தம் இறங்கும். ஸ்நேர் என்ற சிறு டிரம்மின் மேல் ஒரு கைக்குட்டை, கிக் டிரம்முக்குள் ஒரு தலையணை, மூங்கில் குச்சிகளைக் கட்டிச் செய்த ராட்ஸ் ஆகியவை டிரம்ஸை அடக்கும். பாட்டைக் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் இவை போதும். முழு வீச்சில் வாசிக்க வேண்டியது மேடைக்கு முந்தைய நான்கைந்து பயிற்சிகளில்தான்.

உங்கள் காதுக்கும் இது தேவை. 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிறுவனமான நியாஷின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் அது 15 நிமிடம். மூன்று மணி நேரப் பயிற்சியைக் காதடைப்பான் இல்லாமல் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. என் இடது காதில், ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டு இருக்கும் பக்கம், இருபத்தைந்து வயதில் தொடங்கிய ரீங்காரம் இன்னும் நிற்கவில்லை. ஐந்து பேருக்கும் காதடைப்பான் வாங்கிவிட்டு மற்றதை வாங்குங்கள்.

இனி இடங்கள். ஜாம் ரூம் என்று மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் பயிற்சி அறைகள் சென்னையில் பல பகுதிகளில் உண்டு. டிரம்ஸ், ஆம்ப், மைக் எல்லாம் அங்கேயே இருக்கும். கித்தாரையும் சிம்பலையும் தூக்கிக்கொண்டு போனால் போதும். வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் மட்டும் வாசிக்கிற குழுவுக்கு இதுவே மலிவு. இரண்டு மூன்று நாள் வேண்டும், கருவிகளை விட்டுச்செல்ல வேண்டும் என்றால்தான் சொந்த இடம் பற்றி யோசிக்க வேண்டும். முதலில் ஆறு மாதம் ஜாம் ரூமில் வாசியுங்கள். அதற்குள் யார் நேரத்துக்கு வருகிறார், யார் பங்குப் பணம் தருகிறார் என்பது தெரிந்துவிடும். அது தெரியாமல் பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, நான்காவது மாதம் பேஸ் வாசிப்பவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய், மிச்ச வாடகையை ஒருவர் தலையில் கட்டிய கதைகள் நிறைய.

சொந்த இடம் என்று முடிவெடுத்தால் நான் கை காட்டுவது தொழிற்பேட்டைகளை. அம்பத்தூர், திருமுடிவாக்கம், காக்களூர். 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையில் இப்போது அலுவலகங்கள் பெருகிவிட்டதால் வாடகை உங்களுக்கு எட்டாது. அம்பத்தூரில் இன்னும் ஒரே ஷிப்டில் ஓடும் சிறு பட்டறைகள் ஏராளம். மாலை ஆறு மணிக்கு ஷட்டர் இறங்கும், ஞாயிற்றுக்கிழமை தெருவில் நாயும் காவலாளியும் மட்டும் இருப்பார்கள். பகல் முழுக்க லேத்தும் பிரஸ்ஸும் அலறும் தெருவில் உங்கள் டிரம்ஸ் யாருக்கும் பொருட்டில்லை. சட்ட வரம்பும் இங்கே இரவுக்கே 70 டெசிபெல். வீடுகள் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் நடந்து பாருங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். பத்து மீட்டரில் இருக்கும் சத்தம் 160 மீட்டர் போவதற்குள் 24 டெசிபெல் இறங்கிவிடும். இதே 24 டெசிபெலைச் சுவர் கட்டி வாங்க வேண்டுமென்றால் லட்சங்கள் ஆகும். தூரம் இலவசம்.

முழுப் பட்டறையை வாடகைக்கு எடுக்க வேண்டியதில்லை. பகலில் தொழில் நடக்கும் இடத்தை மாலையிலும் ஞாயிறிலும் பகிர்ந்துகொள்ளுங்கள். எங்களுக்கு நான்கு ஆண்டுகள் கிடைத்த இடம் அப்படிப்பட்டதுதான். அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறை. மின்கட்டணத்தில் ஒரு பங்கும் சிறு வாடகையும் கொடுத்தோம். ஒரு மூலையில் கம்பி வலை அடித்துப் பூட்டுப் போட்டுக் கருவிகளை வைத்தோம். அடுக்கி வைத்த அட்டைக் கட்டுகள் நல்ல ஒலி உறிஞ்சியாக இருந்தன, அவ்வளவு இதமான அறையில் அதற்குப் பிறகு நான் வாசித்ததில்லை. சில எச்சரிக்கைகள் உண்டு. தொழிற்பேட்டை மனைகளுக்கு ஒதுக்கீட்டு நிபந்தனைகள் இருக்கும். உள்வாடகைக்கு விட உரிமையாளருக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். தகரக் கூரை போட்ட இடமாக இருந்தால் மே மாதப் பகலில் உள்ளே நிற்க முடியாது, ஐப்பசி மழையில் கூரைச் சத்தம் உங்கள் சத்தத்தை விழுங்கும். உலோகத் தூள் பறக்கும் பட்டறையில் ஆம்ப்புக்கும் மிக்ஸருக்கும் உறை கட்டாயம். வண்டி இல்லாதவர்கள் குழுவில் இருந்தால் பட்டரவாக்கம் ரயில் நிலையத்திலிருந்து நடை தூரத்தில் பாருங்கள். கடைசி ரயிலைத் தவறவிட்டு ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணத்தில் வாடகையே கட்டிவிடலாம்.

இரண்டாவது வாய்ப்பைப் பலர் யோசிப்பதில்லை: கல்யாண மண்டபம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பல குடும்பங்கள் வைப்பதில்லை. ஜெனரேட்டர், மும்முனை மின்சாரம், கழிப்பறை, வண்டி நிறுத்தம் எல்லாம் இருந்தும் மண்டபம் பூட்டிக் கிடக்கும். பெரிய மண்டபம் வேண்டாம். மாடியில் நிச்சயதார்த்தக் கூடம் வைத்திருக்கும் நடுத்தர மண்டபத்தின் மேலாளரை நேரில் பாருங்கள். ஒரு வார நாளில், பிற்பகல் இரண்டு முதல் ஆறு மணி வரை என்று கேட்டால் நியாயமான தொகைக்கு ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மேடை நிகழ்ச்சிக்கு முந்தைய தொடர் பயிற்சிக்கு இது மிகப் பொருத்தம், மேடையில் நிற்கும் அளவும் இடைவெளியும் அப்படியே கிடைக்கும். குறை எதிரொலி. பளிங்குத் தரை, வெற்றுச் சுவர், உயர்ந்த கூரை என்று ஓர் அடி இரண்டு மூன்று வினாடி நீளும். மண்டபத்திலேயே பந்திக்கு விரிக்கும் ஜமுக்காளங்கள் கட்டுக்கட்டாக இருக்கும். டிரம்ஸுக்கு அடியில் நான்காக மடித்துப் போடுங்கள், பின்னால் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், நாற்காலிகளை அடுக்காமல் பரப்பி வையுங்கள். வேறுபாட்டைக் கேட்டால் நீங்களே வியப்பீர்கள்.

தேவாலயக் கூடங்களையும் சொல்ல வேண்டும். இந்த ஊரின் டிரம்மர்களில் எத்தனை பேர் முதன்முதலில் ஒரு டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தது தேவாலயத்தில்! குழுவில் யாராவது சபை உறுப்பினராக இருந்தால், ஆராதனைக் குழுவின் பயிற்சி இல்லாத நாளைக் கேட்டுப் போதகரை அணுகலாம். என்ன பாட்டுப் பாடுவீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்து வாங்கிய இடம் நிலைக்காது. வடபழனி, சாலிகிராமம் பக்கத்து டப்பிங், ஒலிப்பதிவுக் கூடங்களும் உண்டு. திரையிசை கணினிக்கு மாறிய பிறகு ஐம்பது பேர் உட்கார்ந்து வாசிக்கும் கூடங்களுக்கு வேலை குறைந்துபோனது. கால்ஷீட் இல்லாத நாளில் சிலர் வாடகைக்குத் தருவார்கள். ஆனால் டப்பிங் அறை பேச்சொலிக்காகக் கட்டியது, கிக் டிரம்மை அது தாங்காது. பக்கத்து அறையில் பதிவு நடந்தால் உங்களை உடனே வெளியே அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூட அரங்கம் கிடைத்தால் நல்லதுதான். மருத்துவமனை, கல்வி நிறுவனம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம் என்பதையும், அங்கே பகல் வரம்பே 50 டெசிபெல் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அடித்தள அறையைப் பார்த்து மயங்காதீர்கள். சுற்றிலும் மண் என்பதால் சத்தம் அடங்கும், அது உண்மை. ஆனால் இது சென்னை. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் அடித்தளங்களில் என்ன ஆனது என்று பார்த்தோம். என் நண்பர் ஒருவருடைய இரண்டு ஸ்பீக்கர் கேபினட்டுகளும் ஒரு மர டிரம்ஸும் 2015இல் நான்கு நாள் தண்ணீரில் கிடந்தன. ஒன்றும் தேறவில்லை. வேறு வழியே இல்லாமல் அடித்தளத்தை எடுத்தால், ஐப்பசி பிறப்பதற்கு முன்பே கருவிகளை மேலே ஏற்றிவிடுங்கள்.

இனி பறையைப் பற்றி. உங்கள் கேள்வியில் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், ஆனால் இடத்தை முடிவுசெய்வதே அதுதான். தோல் பறையை வாசிக்கும் முன் தீயில் காய்ச்ச வேண்டும். மழைக்காலத்தில் அரை மணிக்கு ஒருமுறை காய்ச்ச வேண்டியிருக்கும், குளிரூட்டிய அறையில் அதன் சுருதி இறங்கிக்கொண்டே போகும். ஜாம் ரூமில் தீ மூட்ட முடியாது. ஆகவே பட்டறையோ மண்டபமோ பக்கத்தில் திறந்தவெளி உள்ளதாகப் பாருங்கள். காய்ச்சத் தேவையில்லாத ஃபைபர் பறையும் கிடைக்கிறது. அறைப் பயிற்சிக்கு அது போதும். ஒலி நிறம் வேறு என்பதால் மேடைக்கு முந்தைய பயிற்சியில் தோல் பறையையே எடுங்கள்.

இன்னொன்றும் நடக்கும், அதற்கு ஆயத்தமாக இருங்கள். டிரம்ஸ் என்றால் சரி என்று தலையாட்டிய உரிமையாளர், பறை என்றதும் முகம் மாறுவார். “அதெல்லாம் இங்கே வேண்டாம்” என்பார். டெசிபெல் கணக்கில் பார்த்தால் டிரம்ஸ் பறைக்குச் சளைத்ததல்ல. அங்கே மறுக்கப்படுவது சத்தம் இல்லை. பறை என்று சொல்லாமல் ‘தாளக் கருவி’ என்று பொதுவாகச் சொல்லி இடத்தை வாங்கிவிடு என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். பறை என்றே சொல்லுங்கள். மறுத்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், ஒவ்வொரு வாரமும் கருவியை மூட்டை கட்டி ஒளித்துக் கொண்டுபோக வேண்டிய இடத்தில் உங்கள் பறைக் கலைஞர் எப்படி நிமிர்ந்து வாசிப்பார்? 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற சாதி எதிர்ப்பு இசைக்குழு மேடையேறியபோது கானாவும் பறையும் கித்தாரும் டிரம்ஸும் ஒன்றாக ஒலித்ததை இந்த ஊர் கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பறையும் உண்டா, நானும் வந்து கேட்கலாமா என்று கேட்ட பட்டறை முதலாளியையும் நான் பார்த்திருக்கிறேன்.

உரிமையாளரிடம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லுங்கள்: எத்தனை பேர், எந்தக் கருவிகள், எந்த நாள், எத்தனை மணி வரை. “சும்மா பாட்டுப் பயிற்சி” என்று சொல்லிச் சாவி வாங்காதீர்கள். எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தைத்தான் கேட்கிறது. அதில் இசைப் பயிற்சிக்கு என்ற சொல்லும், நேரமும், கருவிகளை வைத்துச்செல்லும் உரிமையும் இருக்கட்டும். வாடகை கனமாக இருந்தால் இன்னொரு குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே டிரம்ஸ், ஒரே பேஸ் ஆம்ப் இரண்டு குழுக்களுக்கும் போதும். யார் உடைத்தால் யார் மாற்றுவது என்பதையும் முதலிலேயே எழுதிவையுங்கள். காவலாளியின் பெயரைத் தெரிந்துகொண்டு தேநீர் சொல்லுங்கள். அவர் தூங்க வேண்டிய நேரமும் உங்கள் நேரமும் ஒன்றாக இருந்தால் உங்கள் நேரத்தை மாற்றுங்கள்.

அறை கிடைத்த பிறகு இரண்டு விஷயங்களில் அலட்சியம் கூடாது. ஒன்று காற்று. கதவு ஜன்னலை இறுக அடைத்து ஸ்பிளிட் ஏசி போட்டால் குளிர்ச்சி வரும், புதுக் காற்று வராது. உள்ளே இருக்கும் காற்றையேதான் அது சுற்றவிடும். ஐந்து பேர் மூச்சு வாங்கி வாசிக்கும் அறையில் ஒரு மணி நேரத்தில் தலை கனக்கும், தாளம் தளரும். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கதவைத் திறந்து வையுங்கள். இன்னொன்று எர்த். பழைய பட்டறைகளில் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக இருக்கும். கித்தார் கம்பியில் ஒரு கை, மைக்கில் உதடு, இடையில் எர்த் இல்லாத ஆம்ப் என்றால் உயிருக்கே ஆபத்து. மின்பணியாளர் ஒருவரை அழைத்து எர்த்தைச் சோதித்து, கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்தைப் பொருத்திய பிறகே முதல் கம்பியை மீட்டுங்கள். இரைச்சல் நிற்கிறது என்று பிளக்கின் எர்த் முனையை வெட்டுகிறவரைக் குழுவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

டிரம்மர் வீட்டில் தனியாகப் பயிற்சி செய்வதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வலைத் தோல் போட்ட எலெக்ட்ரானிக் டிரம்ஸில் கைகளின் சத்தம் போய்விடும், ஆனால் பெடல் மிதிக்கும் அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகும். இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வரிசையாகப் பதித்து ஒரு மேடை செய்துகொள்ளச் சொல்லுங்கள். கீழ்க்கட்டளையில் ஒரு தச்சர் எனக்கு அரை நாளில் செய்து கொடுத்தார். எட்டு ஆண்டுகளாக அதில்தான் வாசிக்கிறேன், கீழ்வீட்டிலிருந்து ஒரு முறைகூட யாரும் வரவில்லை.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இரண்டு பேர் ஒரு கிக் டிரம்மையும் ஸ்நேரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பார்த்து வைத்த பட்டறைக்கு உரிமையாளரின் சம்மதத்தோடு போங்கள். ஒருவர் உள்ளே பத்து நிமிடம் முழு வேகத்தில் அடிக்கட்டும். இன்னொருவர் தெருவைச் சுற்றி நடக்கட்டும், மிக அருகில் உள்ள குடியிருப்பின் வாசல் வரைக்கும் போகட்டும். அங்கே நின்று ஸ்நேரைக் காதால் கேளுங்கள், கிக்கை அந்த வீட்டுச் சுவரில் கை வைத்து உணருங்கள். பிறகு இரவு ஒன்பது மணிக்கு, தெரு அடங்கிய பின் இன்னொரு முறை. இரண்டு முறையும் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை என்றால் மறுநாளே முன்பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.